படகுக் கழிப்பறைத் தாங்கி: மருந்து ஊற்றுவதா, காற்று விடுவதா?

நிலவு நாளில் மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே படகை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும். இதற்காகவே கொழும்பிலிருந்து வருகிறவர்கள் உண்டு. போன வருடம் அப்படி ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தபோது படகின் பின்பக்கமிருந்து லேசாக ஒரு காற்று வந்தது. துடுப்பில் காது வைத்திருந்த வயதான அம்மா நிமிர்ந்து, "தம்பி, பாடுற மீன் இருக்கோ தெரியா, செத்த மீன் ஒண்டு கிட்டத்தான் கிடக்கு" என்றார்.

மீன் ஒன்றும் சாகவில்லை. என் கழிப்பறைத் தாங்கிதான்.

படகில் பன்னிரண்டு பேர் போகலாம். இருக்கைக்கு அடியில் 60 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி. வாவிக்குள் திறந்துவிட மனம் வராதவனுக்குத் தாங்கியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுக்க வெயிலில் நிற்கும் படகில் அந்தத் தாங்கி ஒரு அடுப்பு மாதிரி. நாற்றத்தை அடக்கக் கடைகளிலும் நண்பர்களிடமும் கிடைத்த வழிகளை இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இப்போது நான் காற்றுக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஊற்றியது நீல நிற மருந்து. ஊற்றிய அன்று வாசம் வரும், சில நாளில் வாசமும் நாற்றமும் கலந்து வரும். அது இன்னும் மோசம். பழைய வகை மருந்துகளில் இருப்பது போமலின் இனம். தாங்கிக்குள் இருக்கும் பற்றீரியா எல்லாவற்றையும் அது கொன்றுவிடும். அதே கழிவு கரையில் மலக்குழிக்குப் போனால் அங்கே வேலை செய்யும் பற்றீரியாவும் சாகும். நம் வெயிலுக்குப் போத்தலில் எழுதியிருக்கும் அளவும் போதாது. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தொட்டபோது ஏறிய விலை இறங்கியதாகவும் தெரியவில்லை. குளோரின் ஊற்றலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பம்பின் றப்பர் வாசர்கள் அதில் கெட்டுப்போகும், மற்ற மருந்துகளோடு கலந்தால் நச்சுவாயுவும் வரும்.

அடுத்தது பற்றீரியாத் தூள். எண்ணம் நல்லது. கழிவைத் தின்னும் பற்றீரியாவில் இரண்டு சாதி. ஒட்சிசன் இருந்தால் வேலை செய்வது ஒன்று, அது விடுவது பெரும்பாலும் மணமில்லாத காபனீரொட்சைட்டு. ஒட்சிசன் இல்லாத இடத்தில் பெருகுவது மற்றது, அழுகிய முட்டை மணக்கும் ஐதரசன் சல்பைட்டு அதன் கைங்கரியம். பொதியில் வருவது நல்ல சாதி. ஆனால் காற்றில்லாத தாங்கிக்குள் அதைப் போடுவது மீன்குஞ்சை மணலில் விட்ட கதைதான். முதல் பொதிக்கு நாற்றம் குறைந்தது, இரண்டாவதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

மூன்றாவது, கல்சியம் நைத்திரேற்று. பசுமைக்குடிலில் தக்காளி வைக்கிறவர்கள் தண்ணீரில் கரைத்து விடும் உரம்தான். இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்த 2021 இல் இந்த யோசனை வந்திருந்தால் தேடி அலைந்திருப்பேன். ஒட்சிசன் இல்லாத இடத்தில் பற்றீரியா நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும், சல்பேற்றைத் தொடாது. சல்பேற்றைத் தொடாவிட்டால் அழுகிய முட்டை மணமும் இல்லை. இது வேலை செய்தது, மறுக்கமாட்டேன். நான் பாவித்தது மூன்று மாதம்தான், அதற்கு மேல் சாட்சி சொல்ல என்னால் முடியாது. பக்கற்றைப் பெற்றோல் கானுக்குக் கிட்ட வைக்காதீர்கள், நனையவும் விடாதீர்கள்.

சல்பேற்று என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. வாவித் தண்ணீரை அள்ளிக் கழிப்பறையை அடித்தால் நாற்றத்துக்கான சாமானை நாமே உள்ளே அனுப்புகிறோம். மழைக்காலத்தில் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டினால் கடல் உள்ளே ஏறும், உப்பும் கூடும். இப்போது ஒரு கானில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோகிறேன். இதற்கு மட்டும் விவாதமே இல்லை.

சரி, காற்றுக்கு வருவோம். என் தாங்கியின் காற்றுக் குழாய் அரை அங்குலம். அதுவும் இரண்டு இடத்தில் வளைந்து, ஒரு பக்கம் மட்டும் வெளியே வந்தது. ஒருநாள் பவுசர்காரர் கழிவை உறிஞ்சும்போது தாங்கியின் பக்கங்கள் உள்ளே ஒட்டிக்கொண்டன. நல்லவேளை வெடிக்கவில்லை. குழாய் வாயைப் பார்த்தால் குளவி மண்ணால் கூடு கட்டி அழகாக மூடி வைத்திருக்கிறது! மாதக்கணக்கில் நான் மருந்து ஊற்றியது மூச்சு அடைத்தவனுக்கு.

அன்றைக்கே முடிவு எடுத்தேன். அரை அங்குலத்தை எடுத்துவிட்டு ஒரு அங்குலக் குழாய் போட்டேன். விட்டம் இரண்டு மடங்குதான், ஆனால் காற்று போகும் பரப்பு நான்கு மடங்கு. வளைவில்லாமல், குட்டையாக, படகின் இரு பக்கமும் ஒவ்வொன்று. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். அதோடு மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்னப் பம்பை பற்றரியில் இணைத்து, ஓட்டை போட்ட குழாயைத் தாங்கியின் அடியில் விட்டேன். இரவு பகலாகக் குமிழி விடும்.

முதல் நாலு நாள் நாற்றம் கூடியது. தேங்கிக் கிடந்த வாயுவெல்லாம் வெளியே வந்த நாட்கள் அவை. பக்கத்துப் படகு அண்ணன் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து ஈரமண் வாசம் மட்டும். காற்றுக் குழாயில் கரி வடிகட்டி மாட்டச் சொல்வார்கள், நான் மாட்டவில்லை. கரி நனைந்தால் வேலை செய்யாது, காற்றையும் தடுக்கும்.

பராமரிப்பு என்றால் வெள்ளிக்கிழமைகளில் குழாய் வாயில் நல்லதண்ணீர் அடித்துக் கழுவுவது, குளவி வந்ததா என்று பார்ப்பது. மாதத்துக்கு ஒரு போத்தல் வாங்குவதை விட இது மலிவு.

இவ்வளவும் செய்தும் மணந்தால் தாங்கியை விட்டுவிட்டுக் கழிவு போகும் குழாயைப் பாருங்கள். நாட்பட்ட றப்பர் ஹோஸ் நாற்றத்தை உறிஞ்சி வெளியே விடும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஹோஸில் சுற்றி, ஆறிய பின் துணியை முகர்ந்து பார்த்தால் தெரியும். எனக்குத் தெரிந்தது. பீவீசி போட்டுவிட்டேன், எஞ்சின் அதிர்வுக்கு அதன் இணைப்புகள் எத்தனை வருடம் தாங்கும் என்பதை ஒரு வருட அனுபவத்தில் சொல்லமாட்டேன்.

இருபது பேர் போகும் படகென்றால் மீன்தொட்டிப் பம்பு போதாமல் போகலாம். அப்படியானவர்கள் நைத்திரேற்றையும் சேர்த்துப் போடலாம். தாங்கியை மட்டும் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே இடமில்லாவிட்டால் காற்று எங்கே போய் நிற்கும்?