கண்ணாடி முகப்பா, பால்கனியா?

சேலத்தில் எங்கள் தெருமுனையில் அடுக்குமாடி வரப்போகிறது. 18.30 மீட்டரைத் தாண்டுவதால் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிப்படி அது உயரமான கட்டடம். முகப்பு எப்படி என்பதில் டீக்கடை இரண்டு கட்சியாகிவிட்டது.

வெயில்:
கண்ணாடி – சித்திரையில் ஏசிக்கு ஓய்வே இருக்காது.
பால்கனி – உச்சி வெயிலுக்கு மேல்மாடி பால்கனியே குடை. மேற்கு வெயில் மட்டும் சாய்வாக நுழையும். மூங்கில் தட்டி கட்டினால் சரி.

சுத்தம்:
கண்ணாடி – கயிற்றில் தொங்கித் துடைக்க ஆள் வேண்டும்.
பால்கனி – விளக்குமாறு போதும். புறா எச்சம் தனிக்கதை.

பார்வை: இதில் கண்ணாடிதான். பால்கனியில் சேர்வராயன் மலைக்குக் குறுக்கே ஈரப் போர்வை தொங்கும்.

"வத்தல் எங்கடா காயப்போடறது?" என்றார் அம்மா. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பால்கனி. பகலெல்லாம் ஆபீஸில் இருப்பவர்களுக்குக் கண்ணாடி, அதுவும் வடக்குப் பார்த்து. மலையும் அந்தப் பக்கம்தானே.