வெல்டிங் மேசை ஆர்டர் கொடுப்பவர்களுக்கு: பெயின்ட் அடிக்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்

வீட்டுப் பட்டறைக்காக ஒரு ஃபேப்ரிகேஷன் கடையில் கொடுத்த ஆர்டர் இது: மேலே 1200 × 600 எம்.எம். அளவில் 10 எம்.எம். பிளேட், சட்டமும் கால்களும் 50 × 50 × 3 எம்.எம். சதுர பைப், கீழே இரண்டு டிராயர், நான்கு சக்கரம். ஒரே தொகையாகப் பேசி, பணமும் முழுதாகக் கொடுத்தாயிற்று. வந்து இறங்கியதோ 8 எம்.எம். பிளேட்டும் 2 எம்.எம். பைப்பும் போட்ட மேசை. இது கவனக்குறைவு இல்லை, ஏமாற்று.

மறைத்த விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளேட்டின் நான்கு ஓரத்திலும் 40 × 5 பட்டையை வைத்து வெல்டு செய்து, கிரைண்டரால் இழைத்துவிட்டார்கள். பிளேட்டின் விளிம்பே வெளியே தெரியாது. பார்க்க முரட்டு மேசையாக இருக்கும். கால்களின் அடி வாயையும் தகடு வைத்து அடைத்துவிட்டதால் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைக்க இடமில்லை. காலில் சிறு துளை போட்டு, நுனி மடித்த கம்பியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தபோதுதான் பைப்பின் கனம் தெரிந்தது.

துளையே போடாமல் எடையை வைத்தும் கண்டுபிடிக்கலாம். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 எம்.எம். கனத்துக்கு 7.85 கிலோ. இந்த அளவுக்கு 10 எம்.எம். பிளேட் 56.5 கிலோ, 8 எம்.எம். என்றால் 45 கிலோ. பைப் மீட்டருக்கு 3 எம்.எம்.மில் சுமார் 4.25 கிலோ, 2 எம்.எம்.மில் சுமார் 2.95. மேசைக்கு 11.5 மீட்டர் பைப் போகிறது. ஆக டிராயர், சக்கரம் நீங்கலாக 105 கிலோ வர வேண்டியது, ஓரப் பட்டையையும் சேர்த்தே 85 கிலோதான். ஒரே தொகையாகப் பேசினால் கனத்தைக் குறைப்பதில்தான் கடைக்கு லாபம். பைப்பை நீங்களே வாங்கினாலும் வெட்டிய முனையில் நேரடியாக அளக்காதீர்கள். பிசிறு கனத்தைக் கூட்டிக் காட்டும். அரத்தால் தேய்த்துவிட்டு, பைப்பின் உள்பக்க வெல்டுத் தையலைத் தவிர்த்து அளங்கள்.

பெயின்டைச் சுரண்டியதும் அடுத்த கோளாறு தெரிந்தது. 2 எம்.எம். பைப்பில் 3.15 எம்.எம். வெல்டிங் ராடு போட்டு ஓட்டை விழுந்த இடங்களில் பெயின்டர் பட்டி வைத்து அடைத்திருக்கிறார்கள். உள் மூலைகளில் வெறும் டேக், அதாவது புள்ளி புள்ளியாக வைத்த வெல்டு மட்டும்தான். வைஸ் மாட்டிச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் விரிசல் விடும். பிளேட்டை மட்டும் சட்டத்தோடு முழு நீளத்துக்கும் வெல்டு ஓட்டியிருக்கிறார்கள். அது ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுத்ததால், மட்டப்பலகை வைத்தால் 4 எம்.எம். இடைவெளி. மேசையின் உயிரே மட்டம்தான். 150 எம்.எம்.முக்கு ஒரு 30 எம்.எம். வெல்டுத் தையல், அதையும் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் போதும்.

டிராயர் ஓடும் சேனல் பிளேட்டை ஒட்டியே இருந்தது. கிரைண்டிங் தூள் பால் பேரிங்கில் இறங்கிச் சீக்கிரமே இறுகிவிடும். 100 எம்.எம். இறக்கி, மேலே 1.2 எம்.எம். தகட்டுக் கூரை போடச் சொல்லுங்கள். சக்கரம் 50 கிலோ ரகம். மேடுபள்ளமான தரையில் மூன்று சக்கரம்தான் எடை தாங்கும், அதனால் மேசை, கருவி, வேலைப்பொருள் எல்லாம் சேர்ந்த எடையை மூன்றால் வகுத்து வாங்க வேண்டும். இங்கே ஒன்றுக்கு 100 கிலோவாவது வேண்டும். வேலை நேரத்தில் மேசை நிற்க, காலில் எம்16 நட்டு வைத்து ஸ்க்ரூ பாதம் போடுவது நல்லது.

ஆர்டர் சீட்டில் "10 எம்.எம். பிளேட், 3 எம்.எம். கறுப்பு பைப், டிராயர் நீங்கலாகக் குறைந்தது 100 கிலோ" என்று எழுதி வாங்குங்கள். கறுப்பு என்று எழுதாவிட்டால் துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைத் தள்ளிவிடுவார்கள். அதன் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிலும் துளைகள் விழும். பெயின்ட் இல்லாமல் எடை போட்டுக் காட்டும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி பில், எடைச் சீட்டு, அளவுகோல் வைத்து எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும். படம் எடுக்கும் முன் மேசையில் எந்தப் பழுதையும் சரிசெய்துவிடாதீர்கள்.