சைடிங் கழற்றும் சின்னக் கொக்கி: ஒரு பட்டறைக்காரனின் அனுபவம்

கோயம்புத்தூர் கணபதியில் 32 வருடம் லேத் பட்டறை வைத்திருந்தேன். இப்போது மிச்சிகனில், கேன்டன் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே வீட்டுக்கு வெளிச்சுவர் மரச்சட்டமும் பலகையும்தான். அதன்மேல் வினைல் சைடிங் என்று 12 அடி நீளப் பட்டைகளை, ஒன்றன் அடியில் இன்னொன்று கொக்கி மாட்டியபடி அடுக்கியிருப்பார்கள்.

போன கோடையில் மாப்பிள்ளை பார்பிகியூ அடுப்பைச் சுவரோரம் வைத்துவிட்டார். வினைல் என்பது பிவிசி. 70 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே இளகிவிடும். இரண்டு பட்டைகள் அப்பளம் மாதிரி நெளிந்துபோயின. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், "இந்த நிறம் இப்போது வருவதில்லை, பின்சுவர் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று சொல்லி 4,200 டாலர் கேட்டார். இரண்டு பட்டைக்கு ஒரு சுவரா? எனக்கு மனது ஒப்பவில்லை.

மகள் கடையிலிருந்து ஜிப் டூல் என்ற கருவியை வாங்கி வந்தாள். பத்து டாலருக்குள்தான். கைப்பிடி, தட்டையான தகடு, நுனியில் சின்ன வளைவு, அவ்வளவுதான். பட்டை முடியும் இடத்தில், மேல் பட்டையின் கீழ் விளிம்புக்குள் அந்த வளைவை விட்டு, உள்ளே இருக்கும் மடிப்பைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தபடியே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பூட்டு வரிசையாக விட்டுக்கொண்டே போகும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விளிம்பு கிழியும். இதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

முதல் நாள் காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தது என் தவறு. அக்டோபர் குளிரில் வினைல் கண்ணாடி மாதிரி இருக்கும், வளைத்தால் உடையும். மதியம் வெயில் வரும் வரை காத்திருந்தேன். பிறகு மேல் பட்டையைத் தூக்கி இரண்டு மரத்துண்டுகளை முட்டுக் கொடுத்து, ஆணிகளைப் பிடுங்கினேன்.

அங்கேதான் இன்னொன்றைப் பார்த்தேன். முன்பு வேலை செய்தவர் ஆணிகளை இறுக்கி அடித்திருந்தார். 12 அடிப் பட்டை குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே அரை அங்குலம் வரை, அதாவது நான்கு நூல், நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் ஆணித்துளையை நீளவாக்கில் வைத்திருக்கிறார்கள். ஆணியைத் துளையின் நடுவில் அடித்து, தலைக்கும் பட்டைக்கும் கால் நூல் இடைவெளி விட வேண்டும். பட்டை ஆணியில் தொங்க வேண்டும், நகர்த்தினால் இப்படியும் அப்படியும் ஓட வேண்டும். தண்டுக்கும் பேரிங்குக்கும் விடுகிற இடைவெளி மாதிரிதான். இறுக்கினால் வெயிலில் உப்பிக்கொள்ளும். அந்தச் சுவரில் கோடைக்குக் கோடை அலை தெரிந்ததற்குக் காரணம் இதுதான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நானும் பிடுங்குகிறேன், மாமா" என்று சுத்தியலோடு வந்துவிட்டார். கைக்கெட்டிய ஆணிகளை எல்லாம் இருவரும் தளர்த்தினோம்.

சரி, நிறத்துக்கு என்ன செய்தோம்? 19 வருட வெயிலில் வெளுத்த சுவர் அது, புதுப்பட்டை எப்படியும் பளிச்சென்று தெரியும். அதனால் ஏசி யூனிட்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்திலிருந்து இரண்டு பழைய பட்டைகளைக் கழற்றி இங்கே போட்டோம். கடையில் கிடைத்த, ஓரளவு நிறம் ஒத்த புதுப்பட்டைகளை அங்கே போட்டோம். முனைகளில் இரண்டு நூல் இடம் விட்டோம். பூட்டும்போதும் இதே கருவிதான்: மேல் பட்டையின் மடிப்பைக் கீழே இழுத்துப் பிடித்து, உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போனால் 'டக் டக்'கென்று விழுகிறது. அந்தச் சத்தம் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறை இல்லாமல் இல்லை. வளைவின் விளிம்பில் பிசிறு இருந்தது. அரத்தால் இரண்டு நிமிடம் தேய்த்து, உப்புத்தாள் போட்ட பிறகுதான் பயன்படுத்தினேன். நீங்களும் விரலால் தடவிப் பார்க்காமல் சுவரில் வைக்காதீர்கள். கைப்பிடியும் சிறிது, பெரிய கை என்றால் அரை மணி நேரத்தில் வலிக்கும். வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

மொத்தச் செலவு 60 டாலரைத் தாண்டவில்லை. அடுப்பு இப்போது புல்வெளியில், சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி நிற்கிறது.