தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்த உயிர்வாழ் சான்று

பென்ஷன் வாங்குவோருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுத்துத் தரும் சேவையை, 2023 டிசம்பரில் அம்மாவுக்காகப் பயன்படுத்தினோம். அப்போது கட்டணம் 70 ரூபாய். ஆதார், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவின் எண்), வங்கிக் கணக்கு எண், மொபைல் இருந்தால் போதும்.

அம்மா முக்கூடல் பக்கம் நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். பி.எஃப். பென்ஷன் வருகிறது. பெந்தெகொஸ்தே சபை. பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் மனப்பாடம்: வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது. அந்த மிருகத்தின் எண்ணான 666 பார்கோடில் இருக்கிறது என்று ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்டதிலிருந்து, சோப்பு உறையைக் கிழித்தெறிந்துவிட்டுத்தான் சோப்பை உள்ளே வைப்பார். தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் வரும் இரட்டைக்கோடு ஸ்கேனருக்கு எல்லை காட்டத்தான். ஆறாம் எண்ணின் கோடுபோல இருப்பதால் வந்த பேச்சு அது. எத்தனை முறை சொல்லியும் அம்மா ஏற்கவில்லை. ரேஷனுக்காக ஆதார் எடுத்த அன்று ராத்திரி முழுக்க ஜெபத்தில் இருந்தார்.

இதை மூடத்தனம் என்று நான் தள்ள மாட்டேன். உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை விழாவிட்டால் பென்ஷன் நிற்கும் என்றால், அந்த வசனம் அவர் காதில் வேறு எப்படி விழும்? தபால்காரர் வந்ததற்கு முந்தைய வருஷம், சான்று எடுக்க டவுனில் ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். வலது கையை நீட்டத் தயங்கியவரைப் பார்த்து அங்கிருந்த பையன் சிரித்துவிட்டான். அம்மா திரும்பி வரும்வரை பேசவே இல்லை.

தபால்காரர் சிரிக்கவில்லை. ரேகைக் கருவியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஆச்சி, வலது கைதான் வேணும்னு இல்ல. எந்த விரலா இருந்தாலும் சரி" என்றார். பீடி சுற்றித் தேய்ந்த விரல்கள். இடது கைப் பெருவிரல் பதியவில்லை, ஆள்காட்டி விரலும் பதியவில்லை. முகத்தைப் படம் பிடித்தும் எடுக்கலாம் என்றார். முகம் என்றால் நெற்றியும் வருமே என்று அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டார். அவர் வற்புறுத்தவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கி, அம்மாவின் விரல்களைக் கழுவித் துடைக்கச் சொன்னார். நான்காவது முயற்சியில் இடது மோதிர விரல் விழுந்தது.

குறுஞ்செய்தியில் சான்று எண் வந்தது. அம்மா கேட்டபடி ஒவ்வொரு இலக்கமாக வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டுத் தபால்காரருக்குக் காப்பி போட எழுந்தார்.