சூரியப் புயல் கணிப்பை ஹாம் ரேடியோக்காரர் எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவுக்குக் கொலராடோவின் போல்டரில் ஒரு விண்வெளி வானிலை மையம் இருக்கிறது. அங்கிருந்து தினமும் வரும் கணிப்பைச் சில வருடங்களாக விடாமல் பார்க்கிறேன், காரணம் ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக ரேடியோ வழியே தூரத்து ஆட்களோடு பேசுவது. காசு கிடையாது, விளம்பரத் தொல்லை இல்லை. புது அறிக்கை யூடிசி (உலகப் பொது நேரம்) 00:30க்கும் 12:30க்கும், அதாவது நமக்குக் காலை ஆறு, மாலை ஆறு. இரண்டுமே காபி நேரம்.

நான் அதிகம் நம்புவது சோலார் ஃபிளக்ஸ் எண்ணை, சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலையின் அளவு அது. கனடாவின் பென்டிக்டனில் 10.7 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அளக்கிறார்கள். ஒரே நாளில் பெரிதாகத் தாவாது என்பதால் கணிப்பும் பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும். 150ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் 10 மீட்டர் பேண்டில் (அலைநீளத்தால் பெயர் பெற்ற அலைவரிசை) பகலெல்லாம் ஆள் கிடைக்கும். 70 பக்கம் கிடந்தால் 20 மீட்டரே கதி. சூரியக் காற்று வேகமாக வெளியேறும் கொரோனா துளைகளின் கணிப்பும் பரவாயில்லை, சூரியன் சுமார் 27 நாளில் ஒரு சுற்று சுற்றுவதால் போன மாதம் படுத்திய துளை இந்த மாதமும் கிட்டத்தட்ட தேதி தவறாமல் வந்துவிடும்.

சொதப்புவது சிஎம்இ, அதாவது சூரியன் வீசியெறியும் காந்த மேகம், வந்து சேரும் நேரத்தில்தான். பத்து மணி நேரம் முன்னே பின்னே போவது சாதாரணம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வருகிற மேகத்துக்குள் காந்தப்புலம் வடக்குப் பார்க்கிறதா தெற்குப் பார்க்கிறதா என்பது, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 புள்ளியில் நிற்கும் செயற்கைக்கோளை அது தொட்ட பிறகுதான் தெரியும், அப்புறம் நம் கையில் இருப்பது அதிகபட்சம் ஒரு மணி நேரம். தெற்குப் பார்த்தால்தான் புயல் வலுக்கும். அதனால் காந்தப் புயல் அளவில் (ஜி1 முதல் ஜி5 வரை) ஜி3 என்று பார்த்ததும் குதிக்க மாட்டேன், அந்தத் திசையைக் காட்டும் பிஇசட் கோடு பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது தெற்குப் பக்கம், இறங்கி அங்கேயே உட்கார்கிறதா என்று பார்ப்பேன். 2024 மே 10 அன்று ஜி4 என்றார்கள், வந்தது ஜி5. 2003 அக்டோபருக்குப் பிறகு அதுதான் முதல் ஜி5, லடாக்கின் ஹான்லேயில் அரோராவால் (துருவ ஒளி) வானம் சிவந்தது.

ஆனால் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போகிறது, தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஜியைவிட ஆர் (ரேடியோ துண்டிப்பு) அளவுதான் முக்கியம். மிக வலுவான எக்ஸ் ரக ஃபிளேர் (சூரிய வெடிப்பு) நம் பகலில் வெடித்தால் எட்டு நிமிடத்தில் கதிர் வந்து ஹெச்எஃப் (சிற்றலை) ஊமையாகிவிடும், கீழ் பேண்டுகள் கடைசியில்தான் திரும்பும். 2024 மே 11 காலை 6:53க்கு எக்ஸ் 5.8 வந்தது. அதே கரும்புள்ளிக் கூட்டம் மே 14 அன்று எக்ஸ் 8.7 வெடித்தபோது நமக்கு இரவு பத்தரை வாக்கில், அந்த ஃபிளேரால் இங்கே ஒன்றும் ஆகாது. ஃபிளேருக்கு அறிக்கையில் இருப்பது சதவீதம் மட்டும். எத்தனை மணிக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. மார்ச், செப்டம்பர் வாக்கில் பொழுது சாய்ந்ததும், ரேடியோ அலையைத் திருப்பியனுப்பும் அயனமண்டலத்தில் குமிழிகள் கிளம்பி சிக்னலை நடுங்க வைக்கும், ஜிபிஎஸ்கூடத் தடுமாறும். பூமியின் காந்தக் கலக்கத்தைச் சொல்லும் கேபி எண் 1 என்று சாதுவாக இருக்கும் நாளிலும் இது நடக்கும், புயல் நாளில் சில சமயம் அடங்கியும் போகும். மூன்று நாள் அட்டவணையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

கேபி எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டும் அரோரா ஆப்கள் நமக்கு வேண்டாம். அந்த மூல அட்டவணையையே பாருங்கள். எல்லாம் யூடிசி, ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் வரிசையான 00-03 என்பது நமக்குக் காலை 5:30 முதல் 8:30 வரை.