நேர்காணலா, நேரில் கவனிப்பதா?

ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்குப் புதிய கணினி அமைப்பைத் திட்டமிடும்போது, தகவல் திரட்டும் வழிகளாக நேர்காணலும் நேரடிக் கவனிப்புமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒரு நடைமுறை ஏன் வந்தது, மாத இறுதியில் மட்டும் நடக்கும் வேலை எது, எந்த அறிக்கையை யாருமே படிப்பதில்லை என்பவற்றையெல்லாம் நேர்காணலில் ஒரு மணி நேரத்தில் கேட்டறிந்துவிடலாம். ஆனால் சொல்பவர் பெரும்பாலும் நடக்க வேண்டியதைச் சொல்கிறாரே தவிர, நடப்பதைச் சொல்வதில்லை.

"மருந்தைக் கொடுத்தவுடனே பதிவேட்டில் எழுதிவிடுவோம்" என்பார் கிடங்குப் பொறுப்பாளர். அருகில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால், கூட்ட நேரத்தில் எண்ணிக்கையைக் காலி மருந்துப் பெட்டியின் அட்டையில் கிறுக்கி வைத்து, மாலையில்தான் பதிவேட்டுக்கு மாற்றுகிறார் என்பது தெரியவரும். பதிவுத் திரை எவ்வளவு சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதை அந்த அட்டையே சொல்லிவிடும்.

கவனிப்புக்கும் குறை உண்டு. பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறுவதை, சிகாகோ அருகே ஓர் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளையொட்டி 'ஹாத்தோர்ன் விளைவு' என்கிறார்கள் (அந்த ஆய்வுகளின் முடிவுகளே இன்றும் விவாதத்துக்குரியவை என்பது வேறு கதை). ஆண்டுக்கு ஒருமுறை வரும் இருப்புக் கணக்கெடுப்பும் அரை நாளில் கண்ணில் படாது. ஆகவே முதலில் கவனித்துவிட்டு, அங்கே கண்டவற்றையே கேள்விகளாக்கி நேர்காணலுக்கு உட்காருவதே என் விருப்பம்.