தாத்தாவின் துப்பாக்கியைப் ‘புதுப்பிக்க’க் கொடுத்து நான் இழந்தவை

தாத்தா வைத்திருந்த இரட்டைக் குழல் ஷாட்கன் சென்ற ஆண்டு முறைப்படி என் பெயருக்கு மாறியது. குழல்கள் பழுப்பேறிக் கிடந்ததால், அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில், பழைய துப்பாக்கிகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் அதைக் கையில் வாங்கியதும், திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்க்காமலேயே, பக்கத் தகட்டில் பொறித்திருந்த ஆங்கிலப் பெயரைப் படித்து, “பெரிய இங்கிலாந்துத் தயாரிப்பு, சார், துருவை எடுத்துவிட்டால் மதிப்பு பல மடங்காகும்” என்றார். திறந்து பார்க்காத அந்த நொடியிலேயே நான் துப்பாக்கியைத் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். (தோட்டா போடும் பழைய துப்பாக்கியைத் திறந்தால் தெரிந்துவிடும், குழல்வாய் வழியாக வெடிமருந்தை இடித்து நிரப்பும் வகையானால், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே அடையாளமிட்டு, அதே நீளத்தை வெளியே வைத்து அளக்க வேண்டும். குச்சி அடிவரை போகாமல் நின்றால், பல தலைமுறைக்கு முன் போட்ட மருந்து இன்னும் உள்ளேயே இருக்கக்கூடும்.)

மூன்று வாரம் கழித்துக் கரும்பளபளப்புடன் திரும்பி வந்தது. வீட்டில் எல்லோரும் வியந்தார்கள், நானும்தான். ஒரு மாதத்துக்குள் இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் ஓரமாக வெள்ளைப் பொடி கசியத் தொடங்கியதும், வேறொரு மூத்த துப்பாக்கிக் கைவினைஞரிடம் ஓடினேன். அவர் குழல்களைக் கழற்றி, கொக்கியில் விரலைக் கோத்துத் தொங்கவிட்டு, விரல் கணுவால் மெல்லத் தட்டினார். மணிபோல ஒலிக்க வேண்டியது பொத்தென்று கேட்டது.

“அது துரு இல்லை, தம்பி; அதுதான் அதன் நிறம்” என்று அவர் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருளாக்கி, சூட்டில் அடித்து ஒட்டவைத்துச் செய்யப்பட்ட டமாஸ்கஸ் குழல்கள் அவை. அந்த முறுக்கின் கோலம் கண்ணுக்குத் தெரிவதற்காகவே பழுப்பேற்றியிருந்தார்கள். புதுப்பித்தவர் அதைப் பஃபிங் (மெருகேற்றும்) சக்கரத்தில் தேய்த்து, பொறிப்புகளின் கூர்மையை மழுக்கி, பிறகு ஏறத்தாழ 140 டிகிரியில் கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிக் கறுப்பாக்கியிருக்கிறார். ஒற்றைக் குழலுக்கு அந்தக் கரைசல் பொருந்தலாம். இரட்டைக் குழலில், பட்டையைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றவைப்பை அது அரித்துவிடும். இடுக்கில் தங்கும் உப்பு உள்ளிருந்தே துருவாக்கும்.

மேலும் ஒரு பொய் வெளிப்பட்டது. கொடுப்பதற்கு முன் குழல்களின் அடிப்பகுதியைத் தற்செயலாகக் கைபேசியில் படமெடுத்திருந்தேன். அதில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. அது பெல்ஜியத்தின் லீஜ் நகரத் துப்பாக்கிச் சோதனைச்சாலை முத்திரை. நீள்வட்டத்தின் மேல் கிரீடம் 1893-இல்தான் சேர்ந்தது என்பதால், கிரீடமில்லாத என் துப்பாக்கி அதற்கு முந்தையது. இங்கிலாந்துத் தயாரிப்புபோல் ஒலிக்கும் பெயர்களைப் பொறித்து அங்கிருந்து ஏராளமான துப்பாக்கிகள் விற்கப்பட்டன; ஆகவே பக்கத் தகட்டுப் பெயரை நம்பாமல், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடியில் பார்ப்பதுதான் முறை. அதே முத்திரையிலிருந்து, கருமருந்துக்கு (புகை கக்கும் பழைய வெடிமருந்து) மட்டுமே சோதிக்கப்பட்டது என்பதும் தெரிந்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடுவது குழலையும் கையையும் ஒருசேர இழப்பதற்கு வழி. இப்போது அந்த முத்திரைகள் பாதி தேய்ந்துவிட்டன. முறுக்கின் கோலம் இரும்புக்குள்ளேயே இருப்பதால் அதை மீண்டும் எழுப்ப முடியும் என்கிறார் மூத்தவர். தேய்ந்த தடிமனுக்கு வழியே இல்லை.

செய்ய வேண்டியது எவ்வளவு சிறிது என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மென்துணியால் தூசியைத் துடைத்து, சிவந்த துரு உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, தேவைப்பட்டால் ‘0000’ எனக் குறிக்கப்படும் மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் (ஸ்டீல் வுல்) அழுத்தமே கொடுக்காமல் வருடியிருந்தால் போதும். குழல்கள் வந்து பொருந்தும், வண்ணம் படிந்த செயற்பகுதியில் அதுவும் கூடாது. பொறிப்புகளுக்கு மென்மையான பல் துலக்கி போதும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் சில துளி தேய்த்து உடனே துடைத்துவிட வேண்டும். உலோகத்துக்கு நுண்படிக மெழுகு பூசலாம். அத்தகைய மெழுகு 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் பழம்பொருள்களுக்காகவே உருவாக்கப்பட்டது. திருகுகளைத் தொடவே கூடாது, ஏனெனில் அவற்றின் தலையிலுள்ள மயிரிழை போன்ற பள்ளங்களுக்கு வீட்டுத் திருப்புளி பொருந்தாது. நிறுத்தி வைக்கும்போது குழல்வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் இறங்கிக் கட்டையின் தலைப்பகுதியை ஊறவைத்து இளக்கிவிடும்.

புதுப்பித்தவரிடம் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “நீங்கள் பளபளப்பாக வேண்டும் என்றுதானே கேட்டீர்கள், சார்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் கேட்டதும் அதைத்தான். பட்டையின் ஓரத்தில் வெள்ளைப் பொடி இப்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூக்கிறது, நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.